கோடையில் கேக்டஸ்: அறிகுறியை வைத்துத் தண்ணீர்க் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கேக்டஸ் சுருங்கினால் கை உடனே தண்ணீர்க் குவளைக்குப் போகும். ஆனால் தாகத்தில் இருக்கும் செடியும், வேர் அழுகியதால் தண்ணீரை உறிஞ்ச முடியாத செடியும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் செடி தண்ணீர் ஊற்றினால் பிழைத்துவிடும், இரண்டாவது செடி அதே தண்ணீரால் இரண்டே நாளில் கூழாகிவிடும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: உடலைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணையும் வேரையும் பார்த்து ஊற்றுங்கள்.

வேலூர், திருச்சி, கரூர், மதுரை போன்ற வறண்ட ஊர்களில், மொட்டை மாடியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் தொட்டிகளில் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் காற்றிலேயே ஈரம் இருப்பதால், தண்ணீருக்கு நான் சொல்லும் இடைவெளிகளை அங்கே இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு அடிப்படை

கேக்டஸ் பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவில் உள்ளிழுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் அதை எடுத்து உணவு தயாரிக்கும். இந்த ஏற்பாடு நன்றாக நடக்க இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே முதல் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை, நம் ஊர்களில் இரவிலும் வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அப்போது பல செடிகள் துளைகளைச் சரியாகத் திறக்காமல் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வளராத செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். வெயில் ஏறினால் தண்ணீரையும் ஏற்ற வேண்டும் என்று ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் போடும் கணக்கு இங்கே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

அதற்காக அடியோடு காயவிடவும் கூடாது. முழுக்க உலர்ந்த மண்ணில், அதுவும் வெயிலில் சுடும் கறுப்புத் தொட்டியில், தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பொசுங்கிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் குடிக்க வேர் இருக்காது. மெக்சிகோ பாலைவனத்தில் மாதக்கணக்காக மழையே இல்லாமல் வாழும் செடிதானே என்று சிலர் கேட்பார்கள். அங்கே அதன் வேர் பாறை இடுக்கில், குளிர்ந்த மண்ணில் நீண்டு படர்ந்திருக்கும். நம் வீட்டில் அதற்கு இருப்பது மூன்று அங்குலத் தொட்டி.

மண்ணைச் சோதிக்கும் விதம்

ஊதுபத்தி எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் மூங்கில் குச்சி போதும். தொட்டி ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி கறுத்தோ குளிர்ந்தோ இருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை, கோடையில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. தண்ணீர் ஊற்றி முழுக்க வடிந்த பிறகு தொட்டியை எடை போட்டு, அந்த எண்ணைப் பெயர்ப்பட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி எடை போட்டு அதையும் எழுதுங்கள். 560 கிராமில் தொடங்கி 420-இல் நிற்கும் தொட்டி 500 காட்டுகிறது என்றால், செடி எவ்வளவு சுருங்கியிருந்தாலும் அதற்குத் தண்ணீர் வேண்டாம். எல்லாத் தொட்டிக்கும் செய்யத் தேவையில்லை, ஒவ்வொரு அளவிலும் இரண்டு மூன்று தொட்டிகளுக்குச் செய்தாலே மற்றவற்றின் கனம் கைக்குப் பழகிவிடும்.

செடி சுருங்கி, மடிப்புகள் உள்வாங்கியிருக்கிறது, மண் காய்ந்திருக்கிறது

பெரும்பாலும் தாகம்தான். கேக்டஸின் மடிப்புகள் ஹார்மோனியத் துருத்தி போல விரிந்து சுருங்குவதற்கென்றே அமைந்தவை. கோடையில் கொஞ்சம் சுருங்குவது நோய் அல்ல. ஆரியோகார்பஸ், ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் போன்றவை மண்மட்டத்துக்கு இறங்கித் தட்டையாவது அவற்றின் இயல்பு.

மாலை ஏழு மணிக்குமேல் தொட்டி ஆறிய பிறகு, அடித் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றாமல் முதலில் மேலாக நனைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றினால் மண் நன்றாகக் குடிக்கும். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு ஒரு வாரம் காத்திருங்கள். உடல் உப்பி மடிப்புகள் விரிந்தால் பிரச்சினை தீர்ந்தது. மூன்று அங்குலத் தொட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள், ஆறு அங்குலத்துக்குப் பத்து முதல் பதினைந்து நாள் என்பது உள்மாவட்டக் கோடைக்கு ஒரு தொடக்கக் கணக்கு. உங்கள் மாடியில் எது சரி என்பதைக் குச்சியும் தராசும் சொல்லும்.

ஏன் மாலை? காலையில் ஊற்றினால் ஈரமண் மதிய வெயிலில் தொட்டிக்குள்ளேயே வேகும். சூடும் ஈரமும் சேர்ந்த இடம்தான் அழுகல் பூஞ்சைக்குப் பிடித்த இடம். மாலையில் ஊற்றினால் மிகை நீர் வடியவும் செடி குடிக்கவும் ஒரு முழு இரவு கிடைக்கும். ஆனால் மாலையில் மாடி டேங்க் தண்ணீரை அப்படியே பிடிக்காதீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தண்ணீர் அது, கை வைத்தாலே சுடும். காலையில் பக்கெட்டில் பிடித்து நிழலில் வைத்துவிட்டு மாலையில் பயன்படுத்துங்கள். ஓஸ் பைப் என்றால் முதலில் வரும் சூடான நீரை வெளியே விட்டுவிட வேண்டும்.

தண்ணீர் ஊற்றியும் ஒரு வாரமாகச் சுருக்கம் போகவில்லை

இப்போது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தயக்கமே வேண்டாம். கேக்டஸுக்கு வேரைப் பார்ப்பதால் கெடுதல் வராது, பார்க்காமல் விடுவதால்தான் வரும். செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்து, தொட்டியைப் பக்கவாட்டில் தட்டுங்கள்.

நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் தாங்கும். செத்த வேரை விரல்களுக்கிடையில் பிடித்து உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். வேர் செத்திருந்தாலும் உடல் கெட்டியாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். செத்ததை எல்லாம் கத்தரித்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, முக்கால் பங்கு பியூமிஸோ (நுண்துளை நிறைந்த எரிமலைக் கல்) சலித்த செங்கல் ஜல்லியோ உள்ள காய்ந்த கலவையில் நடுங்கள். அடுத்த ஒரு வாரம் தண்ணீர் இல்லை. பிறகு ஓரங்களில் மட்டும் கொஞ்சமாக நனைக்கத் தொடங்கினால் வேர் ஈரத்தைத் தேடி வரும்.

வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வறண்ட மண்ணில்தான் இது வேகமாகப் பெருகும். கோடையில் தண்ணீரைக் குறைத்ததுமே தலைதூக்குவதால் பலர் தாகம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். மண்ணை மொத்தமாக வெளியே கொட்டுங்கள், வேறு தொட்டியில் கலக்கவே கூடாது. வேரை ஓடும் நீரில் கழுவி, இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லிக் கரைசலில் டப்பாவில் போட்ட அளவுப்படி முக்கி எடுத்து, காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். கையுறை கட்டாயம். பக்கத்துத் தொட்டிகளையும் திறந்து பாருங்கள், ஒன்றில் இருந்தால் வரிசையில் இன்னும் இரண்டிலாவது இருக்கும்.

ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் வந்துவிடுகிறது, தொட்டி மட்டும் கனக்கவில்லை

நர்சரியிலிருந்து அப்படியே வந்த செடிகளில் இது அதிகம். வேரைச் சுற்றி இருப்பது வெறும் தேங்காய் நார்க்கழிவு. அது ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும், தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும். நீங்கள் வாரம் தவறாமல் ஊற்றியும் செடி பட்டினிதான்.

உடனடித் தீர்வு, தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் உள்ள தட்டில் இருபது நிமிடம் உட்கார வைத்து, மேல்மண் கறுத்ததும் எடுத்து நன்றாக வடியவிடுவது. நிரந்தரத் தீர்வு மண்ணை மாற்றுவது. கத்திரி நாட்களில் நல்ல வேர் உள்ள செடியை மாற்றி நடுவதை நான் விரும்புவதில்லை, ஜூலையில் செய்துகொள்ளலாம்.

அடிப்பகுதி பழுப்பாகி, அழுத்தினால் அமுங்குகிறது

அழுகல். இந்த ஒன்றில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அன்றைக்கே எடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அடியிலிருந்து சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். குறுக்கே வெட்டிய பரப்பின் நடுவில் ஒரு வளையம் தெரியும். அதுதான் தண்ணீர் ஏறும் குழாய்கள். மற்ற சதை சுத்தமாக இருந்தும் அந்த வளையத்தில் ஆரஞ்சு நிறமோ சிவப்புப் புள்ளியோ இருந்தால் பூஞ்சை இன்னும் மேலே போயிருக்கிறது என்று பொருள். ஒரு புள்ளிகூட இல்லாத பரப்பு வரும்வரை வெட்டுங்கள். கடைசியில் ஒரு சிறு தொப்பி அளவுதான் மிஞ்சினாலும் பரவாயில்லை, அதை வேர்விட வைக்கலாம் அல்லது ஒட்டுக்கட்டலாம்.

வெட்டிய இடத்தில் கந்தகப்பொடியோ சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியோ தூவி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் சும்மா வைத்துவிடுங்கள். நாற்றத்தோடு நீராக ஒழுகினால் பாக்டீரியா அழுகல். அது ஓரிரு நாளில் முழுச் செடியையும் தின்றுவிடும், காப்பாற்ற முடிவது அபூர்வம். செடியையும் மண்ணையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, அடியிலிருந்து மேலே ஏறும் பழுப்புத் தோல். அழுத்தினால் மரக்கட்டை போலக் கெட்டியாக இருக்கிறதா? அது வயதால் வரும் தக்கைத் தோல், ஒன்றும் செய்ய வேண்டாம். எந்தப் பழுப்பையும் கண்ணால் முடிவு செய்யாமல் விரலால் முடிவு செய்யுங்கள்.

ஒரே பக்கத்தில் வெளுத்த திட்டு

வெயில் சுட்டது. முதலில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வெளிறி, பிறகு காய்ந்து தழும்பாகும். தழும்பு மறையாது, தண்ணீரால் சரியாகவும் ஆகாது. புண் காய்ந்திருக்கும்வரை செடிக்கு ஆபத்தும் இல்லை.

எந்தப் பக்கம் சுட்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூருக்கு நேர் மேலே சூரியன் வந்துவிடும், மதுரைக்கு அதற்கும் முன்பே. அதன்பின் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். குளிர்காலம் முழுக்க நிழலில் இருந்த வடக்குப் பக்கத் தோல் மே மாதத்தில் திடீரென்று நேர் வெயிலைச் சந்திக்கும். நிழல் வலையைத் தெற்கிலும் மேற்கிலும் மட்டும் கட்டியவர்களின் செடிகள் வடமேற்கில் சுடுவதற்குக் காரணம் இதுதான். ஐம்பது சதவீத வலை மேலேயும் வடமேற்கிலும் வரட்டும். ஜிம்னோகலிசியம் தென் அமெரிக்காவில் புல்லுக்கும் புதருக்கும் அடியில் வளர்வது, அதற்கு நம் கோடையில் இன்னும் கூடுதல் நிழல் வேண்டும். கோல்டன் பேரல் பழகிவிட்டால் தாங்கும்.

உடல் முழுக்கச் சிவப்போ ஊதாவோ ஏறினால் அது சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எதிராகச் செடி போட்டுக்கொள்ளும் நிறமி. நிழல் கொடுத்தால் சில வாரங்களில் பச்சை திரும்பும். இதற்கும் தண்ணீர் பதில் அல்ல.

நிழல் வலை கட்டியும் சுருக்கம் தொடர்ந்தால் தொட்டிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மாடித் தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறும். செங்கல்மேல் பலகை போட்டு உயர்த்துங்கள். கறுப்புத் தொட்டிகளுக்கு வெளியே வெள்ளை அடியுங்கள், அல்லது பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் மணல் நிரப்புங்கள். கோடையில் இதைவிடப் பெரிய உதவியை அந்த வேருக்குச் செய்ய முடியாது.

வளரும் நுனியில் துருப்பிடித்த மாதிரி நிறம்

செம்பேன். வறண்ட சூடான காற்றில் பெருகும், ஜிம்னோகலிசியமும் மேமிலேரியாவும் இதற்கு எளிதில் இரையாகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நகரும் சிவப்புப் புள்ளிகளும் நூலாம்படையும் தெரியும். ஆரம்பத்தில் மாலை நேரத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதே பாதியைத் தீர்க்கும். தீரவில்லை என்றால் பேன்கொல்லி வேண்டும். நனையும் கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் கோடையில் தெளிக்காதீர்கள், இந்த வெப்பத்தில் இரண்டுமே தோலைச் சுட்டுவிடும். நீலச் செடிகளின் மெழுகுப் பூச்சை எண்ணெய் வேறு அழித்துவிடும்.

தொட்டி விளிம்பிலும் செடியின் அடியிலும் வெள்ளைப் படிவு

போர் தண்ணீரின் உப்பு. கோடையில் நிலத்தடி நீர் இறங்க இறங்கப் பல ஊர்களில் உப்பும் கூடும், நாமோ அந்த நேரத்தில்தான் அதையே நம்பியிருப்போம். படிவைவிடப் பெரிய தொல்லை, சுண்ணாம்புத் தன்மை மண்ணில் ஏறி வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போவது. செடி வெளிறி வளராமல் நின்றுவிடும்.

சிறந்த மருந்து ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடிவைத்த மழைநீர். அடுத்தது ஏசியிலிருந்து சொட்டும் நீர். அதில் கிட்டத்தட்ட உப்பே இல்லை. சென்னையில் பக்கெட் பக்கெட்டாக வரும், வறண்ட ஊரில் குறைவாகத்தான் வரும், இருந்தாலும் அரிய செடிகளுக்கு அது போதும். ஆர்ஓ கருவி கழித்துவிடும் நீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

வேறு வழியே இல்லை என்றால் பத்து லிட்டர் போர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலப் பொடி கலந்து, பி.எச். காகிதத்தில் பாருங்கள். பி.எச். 6-க்கு இறங்கும்வரை பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இது சுண்ணாம்புத் தன்மையைத்தான் தணிக்கும், மற்ற உப்புகள் அப்படியே இருக்கும். ஆகவே இரண்டு மூன்று தண்ணீருக்கு ஒருமுறையாவது அடியில் தாராளமாக வழியும்படி ஊற்றி, சேர்ந்த உப்பை வெளியேற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே இருப்பதுதான் உப்பைச் சேர்க்கும் வழி.

பஞ்சு போன்ற வெள்ளை

உடலில் மாவுப்பூச்சி என்றால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மாலையில் துடைத்தெடுங்கள். சப்பாத்திக்கள்ளி வகைகளில் அந்தப் பஞ்சை நசுக்கினால் ரத்தச் சிவப்பாக வந்தால் அது காக்கினீல் பூச்சி. நம் ஊர்க் காடுகளில் பரவிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1920களில் இலங்கை வழியாகக் கொண்டுவந்த பூச்சி இனத்தின் வழித்தோன்றல்கள் இன்னும் இங்கே உண்டு. அந்தக் கள்ளிக் காடுகளையே சாய்த்த பூச்சி என்பதால், ஒரு மடல் போனாலும் பரவாயில்லை என்று வெட்டி அகற்றுங்கள்.

மூன் கேக்டஸில் அடிக்கட்டை மெலிகிறது

மேலே சிவப்பும் மஞ்சளுமாக உருண்டை, கீழே மூன்று பட்டைத் தண்டு. அந்தத் தண்டு டிராகன் ஃப்ரூட் இனம். காட்டில் மரமேறி வாழும் அதற்கு மற்ற கேக்டஸைவிட அதிகத் தண்ணீரும் நிழலும் வேண்டும். மற்றவற்றோடு சேர்த்து வரிசையில் வைத்து ஒரே அளவு ஊற்றினால் இதுதான் முதலில் வாடும். தனியாக வைத்து, மண் காயக் காய ஊற்றுங்கள். மெலோகேக்டஸுக்கும் நீண்ட வறட்சி ஆகாது, அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம்.

கூரியரில் வந்த செடி துவண்டிருக்கிறது

மேற்கு வங்க மலையூரான காலிம்பாங்கிலிருந்து மண்ணில்லாமல் காகிதம் சுற்றி வரும் செடிகள் வழியில் அடிபட்டு, வேர் ஒடிந்து வரும். வந்தவுடன் தண்ணீர் கொடுத்தால் அந்தக் காயங்கள் வழியாக அழுகல் புகுந்துவிடும். காய்ந்த கலவையில் நட்டு, நல்ல நிழலில் ஒரு வாரம் விடுங்கள். மலைக்குளிரில் வளர்ந்த செடி என்பதால் முதல் கோடைக்கு மாடி வேண்டாம், வெளிச்சமான பால்கனி போதும்.

உடல் செங்குத்தாக வெடித்திருக்கிறது

நீண்ட வறட்சிக்குப் பிறகு கோடை மழை கொட்டினாலோ, ஒரே நாளில் அளவுக்கு மீறி ஊற்றினாலோ உள்சதை தோலைவிட வேகமாக உப்பி வெடிக்கும். வெடிப்பைத் தொடாமல், மருந்து எதுவும் அப்பாமல், மழை படாத காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் வெடித்த பரப்பு காய்ந்து தோல் கட்டும். அதற்குள் ஓரம் கறுத்து ஈரமாகப் பரவினால் அந்தப் பகுதியைச் சீவி எடுத்துக் கந்தகப்பொடி தூவுங்கள். தோல் கட்டி இரண்டு வாரம் ஆகும்வரை தண்ணீர் வேண்டாம். மே மாத மாலையில் மேகம் கறுத்தால், கடந்த பத்து நாளாகத் தண்ணீர் காணாத தொட்டிகளை முதலில் உள்ளே எடுத்துவையுங்கள். நேற்று முன்தினம் நனைந்தவை நல்ல மண்ணில் இருந்தால் ஒரு மழையைத் தாங்கிக்கொள்ளும்.